கேமரா முன் 'திருப்தி' என்று சொல்லிவிட்டோம். முன்பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: தாம்பரத்தில் வாடகை வீட்டில் இருக்கிறோம். ஞாயிறு காலையில் ஒளிபரப்பாகும் ஒரு வீடு விற்பனை நிகழ்ச்சியைப் பார்த்து, செங்கல்பட்டுப் பக்கம் கட்டப்பட்டு வரும் குடியிருப்பில் 62 லட்சம் ரூபாய்க்கு ஒரு வீட்டை முடிவு செய்து, 9 லட்சம் செலுத்தினோம். பிறகு, அதே நிகழ்ச்சியில் வந்து பேசினால் 2 லட்சம் தள்ளுபடி தருவதாக பில்டர் சொன்னதால், நானும் கணவரும் மாமியாரும் போனோம். மூன்று வீடுகளைச் சுற்றிக் காட்டி, ஒன்றைத் தேர்ந்தெடுப்பதுபோல் எடுத்தார்கள். "எல்லாவற்றையும் பார்த்துவிட்டோம், முழுத் திருப்தி" என்று பேசினோம். இப்போது வந்திருக்கும் ஒப்பந்த வரைவில் 1,100 சதுர அடி என்று சொன்ன வீட்டின் கார்பெட் ஏரியா, அதாவது வீட்டுக்குள் நாம் புழங்கக்கூடிய பரப்பு, 740தான். குடியிருப்புக்கே உரியது என்று நிகழ்ச்சியில் காட்டிய பூங்காவோ உள்ளாட்சிக்குத் தானமாகக் கொடுக்க வேண்டிய நிலமாம். விலகுகிறோம் என்றால், புக்கிங் படிவத்தில் 'பணம் திருப்பித் தரப்படாது' என்று இருப்பதைக் காட்டுகிறார்கள். நாங்கள் பேசிய காட்சியே எங்களுக்கு எதிரான சாட்சி என்கிறார்கள். வரும் ஞாயிறு அது ஒளிபரப்பாகப் போகிறது. என்ன செய்வது?

பதில்: முதலில் உங்கள் அச்சத்தைப் போக்கிவிடுகிறேன். கேமரா முன் சொன்ன 'திருப்தி' என்ற சொல்லால் உங்கள் பணம் போய்விடாது. ஆனால் அந்தக் காட்சியால் உங்களுக்கு வேறொரு சிக்கல் இருக்கிறது; அதைப் பிறகு சொல்கிறேன்.

2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், அதாவது பேச்சுவழக்கில் 'ரெரா', விளம்பரம் என்பதற்குக் கொடுத்திருக்கும் விளக்கம் மிக விரிவானது. எந்த ஊடகத்தின் வழியாக வந்தாலும், எந்த வடிவத்தில் வந்தாலும், ஒரு திட்டத்தை மக்களுக்கு அறிமுகப்படுத்தி வாங்கத் தூண்டுவது விளம்பரமே. ஆகவே தொகுப்பாளர் சமையலறை அலமாரியைத் திறந்து வியக்கும் அரைமணி நேர நிகழ்ச்சியும், அதற்கு என்ன பெயர் சூட்டியிருந்தாலும், சட்டத்தின் கண்ணில் விளம்பரம்தான். அந்தச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, விளம்பரத்தையோ மாதிரி வீட்டையோ நம்பி முன்பணம் கொடுத்தவர், அதிலிருந்த பொய்யான அல்லது தவறான தகவலால் பாதிக்கப்பட்டுத் திட்டத்திலிருந்து விலக விரும்பினால், செலுத்திய முழுத் தொகையையும் வட்டியோடும் இழப்பீட்டோடும் திரும்பப் பெற உரிமை உண்டு என்கிறது. தமிழ்நாட்டு விதிகளின்படி அந்த வட்டி, பாரத ஸ்டேட் வங்கியின் எம்சிஎல்ஆர் எனப்படும் கடன் வட்டி விகிதத்தின் உச்ச அளவோடு 2 சதவீதம் சேர்த்தது. நிகழ்ச்சியின் தொடக்கத்தில் ஓடும் 'கருத்துகளுக்குத் தொலைக்காட்சி பொறுப்பல்ல' என்ற வாசகம் பில்டரைக் காப்பாற்றாது.

உங்கள் கையில் இதைவிட வலுவான ஆயுதம் ஒன்று இருக்கிறது. அதே சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி, விற்பனை ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்வதற்கு முன் வீட்டு விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கவே கூடாது. 62 லட்சத்துக்கு அது 6 லட்சத்து 20 ஆயிரம். ஒப்பந்தம் வரைவு நிலையிலேயே இருக்கும்போது 9 லட்சம் வாங்கியது வெளிப்படையான மீறல். ஒருதலைப்பட்சமான நிபந்தனைகளை வாங்குபவர் தலையில் கட்டுவது நியாயமற்ற வணிக நடைமுறை என்று உச்ச நீதிமன்றம் 2019இல் பயனியர் அர்பன் என்ற கட்டுமான நிறுவனத்தின் வழக்கில் சொல்லியிருக்கிறது. 'திருப்பித் தரப்படாது' என்ற அச்சடித்த வரியை அந்தத் தீர்ப்பின் வெளிச்சத்தில் படிக்க வேண்டும். ஆனால் ஒன்றை மறைக்க விரும்பவில்லை: சொன்னதெல்லாம் சரியாக இருந்து, மனம் மாறியதால் மட்டும் நீங்கள் விலகியிருந்தால், என் பதில் இவ்வளவு உறுதியாக இருந்திருக்காது. பரப்பளவும் பூங்காவும் பற்றிய தவறான தகவலே உங்கள் வழக்கின் உயிர்.

அந்த இரண்டிலும் பூங்காவுக்கே நான் கூடுதல் எடை கொடுப்பேன். 'சூப்பர் பில்ட்-அப்', அதாவது பொதுவிடங்களின் பங்கையும் சேர்த்த பரப்பு என்று நாங்கள் சொன்னோமே என பரப்பளவு விஷயத்தில் பில்டர் வாதிடக்கூடும். கார்பெட் ஏரியாவைத் தெரிவிக்க வேண்டும் என்பதே சட்டம் என்றாலும், வாதத்துக்கு இடம் இருக்கிறது. பூங்கா விஷயத்தில் அப்படி வாதிடவும் இடமில்லை. தமிழ்நாட்டின் கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட இடத்தில் கட்டுபவர் 10 சதவீத நிலத்தைத் திறந்தவெளிக்கென ஒதுக்கி, உள்ளாட்சி அமைப்புக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். அது பொதுமக்களுக்குரிய இடம். அதை 'உங்களுக்கே உரிய பூங்கா' என்று காட்டியது ஊரார் சொத்தைக் காட்டி விலை பேசியதற்கு ஒப்பாகும். அனுமதி பெற்ற வரைபடத்தின் நகலை வாங்குங்கள்; அதில் அந்த இடம் குறிக்கப்பட்டிருக்கும்.

இனி அந்தக் காட்சி. அமெரிக்கத் தொலைக்காட்சியின் பிரபலமான வீடு தேடும் நிகழ்ச்சி ஒன்றில் கலந்துகொண்ட ஒரு பெண், வீட்டை வாங்கி முடித்த பிறகுதான் தம்மைப் படம்பிடித்தார்கள் என்று 2012இல் வெளிப்படையாகச் சொன்னார். நீங்கள் செய்ததும் ஏறத்தாழ அதுவே. பணம் கட்டிய பிறகு நடந்த 'தேர்வு' என்பதால், அது உங்கள் முடிவுக்குச் சான்றாக முடியாது. நீங்கள் நம்பியது முதலில் பார்த்த ஒளிபரப்பை. ஆகவே அதன் தேதியும் பதிவும்தான் முக்கியம். ஆனால் தள்ளுபடி பெற்றுக்கொண்டு 'முழுத் திருப்தி' என்று பேசியதால், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நீங்களும் அந்த விளம்பரத்துக்குப் பரிந்துரை செய்தவர் ஆகிறீர்கள். தவறான விளம்பரத்தைப் பரிந்துரைத்தவருக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க 21ஆம் பிரிவு இடம் தருகிறது. பரிந்துரைக்கும் முன் உண்மையைச் சரிபார்த்தவருக்கு மட்டுமே விலக்கு உண்டு. சாதாரணக் குடும்பத்தின் மீது அந்தப் பிரிவு பாயும் என்று நான் பயமுறுத்தவில்லை. ஆனால் பூங்கா பொய் என்று தெரிந்த பிறகும் அக்காட்சி ஒளிபரப்பாக விட்டால், நாளை அதைப் பார்த்து ஏமாந்த இன்னொரு குடும்பத்துக்கு நீங்கள் சொல்ல பதில் இருக்காது.

நடைமுறைக்கு வருவோம். வரைவு ஒப்பந்தத்தில் கையெழுத்திடாதீர்கள். வங்கிக் கடனுக்கான ஆவணங்களிலும் வேண்டாம். பழைய ஒளிபரப்பை பில்டரின் யூடியூப் பக்கத்திலிருந்து அழிப்பதற்குள் சேமித்து வையுங்கள். 1.7.2024 முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழ் இணைத்தால்தான் மின்னணுப் பதிவு சாட்சியமாகும். அதை உங்கள் வழக்கறிஞர் தயாரிப்பார். நிகழ்ச்சியில் திட்டத்தின் ரெரா பதிவு எண் காட்டப்பட்டதா என்றும் பாருங்கள். விளம்பரத்தில் அது கட்டாயம்; பதிவே செய்யாத திட்டமாக இருந்தால், விளம்பரம் செய்ததே தனிக் குற்றம்.

பணத்தைக் கேட்டு பில்டருக்கு அறிவிப்பு அனுப்பியும் வராவிட்டால், வட்டியோடு திரும்பக் கேட்டுச் சென்னையிலுள்ள தமிழ்நாடு கட்டட மனை விற்பனை ஒழுங்குமுறைக் குழுமத்தில் புகார் செய்யுங்கள். இழப்பீடு தனி மனுவாகத் ரெரா சட்டப்படி இழப்பீட்டை முடிவு செய்யும் தீர்ப்பு அலுவலர் முன் போக வேண்டும். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். ரெரா அதைத் தடுக்கவில்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. ஆனாலும் நான் குழுமத்தையே தேர்ந்தெடுப்பேன். அங்கு நீங்கள் வென்று பில்டர் மேல்முறையீடு செய்தால், உங்களுக்குச் சேர வேண்டிய முழுத் தொகையையும் முதலில் கட்டிவிட்டுத்தான் அவர் பேச முடியும்.

இவற்றுக்கெல்லாம் முன்பாக, இன்றே செய்ய வேண்டியது ஒன்று. 'எங்கள் பேச்சை ஒளிபரப்ப அளித்த சம்மதத்தைத் திரும்பப் பெறுகிறோம், தள்ளுபடியும் வேண்டாம், பூங்கா, பரப்பளவு பற்றிய தகவல்கள் தவறு என்று அறிந்தோம்' என்று பில்டருக்கும் தொலைக்காட்சிக்கும் ஒப்புகையுடன் விரைவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் எழுதி அனுப்புங்கள். மூவரும் கையெழுத்திடுங்கள். தபால் தாமதமானாலும், ஞாயிற்றுக்கிழமைக்கு முன் மின்னஞ்சல் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.