காசநோய்க்கு மருந்து இலவசம்தானே, பிறகு ஏன் குடும்பங்கள் கடனாளி ஆகின்றன?

மருந்து இலவசம்தான். அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனைக்கும் 6 மாத மாத்திரைக்கும் காசு கிடையாது. ஆனால் பணம் பெரும்பாலும் அங்கே போய்ச் சேர்வதற்கு முன்பே கரைந்துவிடுகிறது. இருமலுக்கு முதலில் மெடிக்கலில் ஒரு டானிக், அப்புறம் பக்கத்துத் தெரு கிளினிக், ஊசி, எக்ஸ்ரே, இன்னொரு டாக்டர் என்று வாரங்கள் ஓடும். அதற்குள் வீட்டில் வேறு யாருக்காவது தொற்றியிருக்கலாம்.

நோயாளி கொத்தனாரோ லோடுமேனோ என்றால் நிலைமை இன்னும் மோசம். சிகிச்சை தொடங்கியும் சில வாரங்களுக்கு உடம்பு ஒத்துழைக்காது. நாள்கூலிக்கு மருத்துவ விடுப்பு ஏது? நகை அடகுக்குப் போகும், பையன் படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போவான். குடும்பத்தின் ஆண்டு வருமானத்தில் 20 சதவீதத்துக்கு மேல் இந்த நோய்க்குப் போனால் அதைப் பேரிடர்ச் செலவு என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. இழந்த கூலியும் அதில் சேரும்.

காசநோயாளிகளின் சத்துணவுக்கு மத்திய அரசு பணம் தரும் நிக்ஷய் போஷண் திட்டத்தில் 2018 முதல் மாதம் 500 ரூபாய் கிடைத்தது, 2024 நவம்பரில் அது 1,000 ஆனது. நல்ல விஷயம்தான். முட்டை, பருப்புக்குச் சரியாகிவிடும், வாடகைக்கு?

பெண்களுக்குச் சுமை வேறு மாதிரி. வரன் தட்டிப்போகும் என்று பயந்து மாத்திரை அட்டையைத் துணிகளுக்கு அடியில் ஒளித்துவைப்பவர்கள் உண்டு. சரியான மருந்தைத் தொடர்ந்து சாப்பிட்டால், பெரும்பாலானோரிடமிருந்து சில வாரங்களிலேயே பரவும் ஆபத்து வெகுவாகக் குறைந்துவிடும். பாதியில் விட்டால்தான் வம்பு: மருந்துக்கு அடங்காத காசநோயாக மாறலாம், அதற்கான சிகிச்சை அரசுக்குப் பல மடங்கு செலவு.