பக்கத்தில் உட்கார்ந்தால் பாடுகிறது, எஸ்எஸ்எச் வழியாக வந்தால் மறுக்கிறது: லினக்ஸில் ஆடியோ சிடி

கேள்வி இதுதான். ஹாலில் ஸ்பீக்கரோடு, டெபியன் என்ற லினக்ஸ் வகை ஓடும் ஒரு கம்ப்யூட்டர். அதன் முன்னால் உட்கார்ந்து லாகின் செய்தால் பாட்டு சிடி ஒழுங்காக ஓடுகிறது. உள்ளறை லேப்டாப்பிலிருந்து எஸ்எஸ்எச் வழியாக, அதாவது நெட்வொர்க் மூலம் தொலைவிலிருந்தே, நுழைந்து எம்பிவி என்ற பிளேயரில் போட்டால் அனுமதி இல்லை என்கிறது. சிடியை ஓர் அடைவுபோல இணைக்கும் மவுண்ட் செய்து பார்த்தும் நடக்கவில்லை. சுடோ போட்டு நிர்வாகி அதிகாரத்தில் ஓட்டினால் பாடுகிறது. சிமாட் 666 கொடுத்து எல்லாருக்கும் படிக்கவும் எழுதவும் அனுமதி தந்தால் அன்றைக்குச் சரி, மறுநாள் பழைய கதை.

முதலில் மவுண்டை மறந்துவிடுங்கள். ஆடியோ சிடியில் கோப்பு முறைமையே கிடையாது. நொடிக்கு 75 செக்டர், ஒவ்வொன்றிலும் 2352 பைட் ஒலி, அவ்வளவுதான். அதனால் லினக்ஸின் மையமான கர்னல் எழுதும் செய்திப் பதிவான டிமெசெக்கில், சிடி டிரைவைக் குறிக்கும் எஸ்ஆர்0 பெயரில் படிப்புப் பிழைகள் சில வந்திருந்தாலும் டிரைவ் போய்விட்டது என்று பதற வேண்டாம், கர்னல் அதை டேட்டா சிடி போலப் படிக்கப் பார்த்தாலே அப்படிப் புலம்பும்.

இனி விஷயத்துக்கு வருவோம். மவுண்ட் இல்லாததால் பிளேயர், சாதனங்களுக்கான கோப்புகள் உள்ள டெவ் அடைவில் இருக்கும் எஸ்ஆர்0 கோப்பை உங்கள் பெயரிலேயே நேரடியாகத் திறக்க வேண்டும். அதன் உரிமையாளர் ரூட் என்ற நிர்வாகிக் கணக்கு, குழு சிடிரோம், மற்றவர்களுக்கு எந்த அனுமதியும் இல்லை. அப்படியானால் நேரில் உட்காரும்போது மட்டும் எப்படித் திறக்கிறது? திரைக்கு முன்னால் இருப்பவருக்கு, லாகின்களைக் கவனிக்கும் சிஸ்டம்டி-லாகின்ட் என்ற நிரல் தற்காலிகமாக ஒரு தனி அனுமதி தருகிறது. எல்எஸ் கட்டளையில் நீண்ட பட்டியல் எடுத்தால் அந்த வரியில் அனுமதி எழுத்துகளின் கடைசியில் ஒரு கூட்டல் குறி நிற்கும், தனி அனுமதிகளைக் காட்டும் கெட்எஃப்ஏசிஎல் கட்டளையைப் போட்டால் உங்கள் பெயரே தெரியும். லாகவுட் செய்ததும் பெயர் போய்விடும். எஸ்எஸ்எச்சில் வருபவருக்கு இந்தச் சலுகை கிடையாது.

சிமாட் நிற்காததற்குக் காரணம், டெவ் அடைவு வட்டில் இல்லை. ஒவ்வொரு முறை கணினி தொடங்கும்போதும் புதிதாக உருவாகிறது, சாதனக் கோப்புகளைக் கவனிக்கும் யூடெவ் தன் விதிப்படி அனுமதிகளைத் திரும்ப வைக்கிறது. தவிர, எல்லாருக்கும் எழுத அனுமதி தருவது நல்ல பழக்கமும் அல்ல.

செய்ய வேண்டியது, உங்கள் கணக்கை சிடிரோம் குழுவில் சேர்ப்பது. கணக்கை மாற்றும் யூசர்மாட் கட்டளையில், குழுவைக் குறிக்கும் பெரிய ஜி எழுத்தோடு, ‘கூடுதலாகச் சேர்’ என்று சொல்லும் சின்ன ஏ எழுத்தையும் கட்டாயம் போடுங்கள், அதை விட்டால் சுடோ உட்பட மற்ற கூடுதல் குழுக்களிலிருந்து உங்களைக் கழற்றிவிடும், அப்புறம் ரூட் கடவுச்சொல்லைத் தேடி அலைய வேண்டும். டெபியன் நிறுவும்போது உருவாகும் முதல் கணக்கு பொதுவாக இந்தக் குழுவில் தானாகவே இருக்கும். உங்களுடையது பின்னால் சேர்த்த கணக்காக இருக்கலாம். ஆர்ச் என்ற மற்றொரு லினக்ஸ் வகையில் இதே குழுவுக்கு ஆப்டிகல் என்று பெயர். சேர்த்ததும் எஸ்எஸ்எச்சை விட்டு வெளியே வந்து மறுபடி நுழையுங்கள், ஏற்கெனவே திறந்திருக்கும் டெர்மினலுக்கு மாற்றம் தெரியாது. பிறகு ஆடியோ சிடியைப் படிக்கும் சிடிபாரனோயா கட்டளையைப் பெரிய க்யூ எழுத்தோடு ஓட்டுங்கள். பாடல்களின் நேரப் பட்டியல் வந்தால் டிரைவ் பக்கம் வேலை முடிந்தது.

பட்டியல் வந்து, எம்பிவியில் நேரமும் ஓடி, சத்தம் மட்டும் வராமல் போனால் ஆச்சரியப்படாதீர்கள். சவுண்ட் கார்டுக்கும் இதே ஏற்பாடுதான், அங்கே குழுவின் பெயர் ஆடியோ. அதிலும் சேர்த்தால் சரியாகிவிடும். ஆனால் அந்தக் குழுவில் இருப்பவர் தொலைவிலிருந்தே மைக்கையும் திறக்க முடியும், ஆகவே வீட்டில் எல்லாருடைய கணக்கையும் அதில் போடாதீர்கள்.