குடிக்காத குடும்பத்துக்கு ஸ்டெல்லன்போஷில் என்ன இருக்கிறது?

தம்பி, கேப்டவுனுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது, ஒன்பது வயதுப் பெண்ணும் நான்கு வயதுப் பையனும் இருக்கிறார்கள், வீட்டில் சைவம், யாரும் குடிப்பதில்லை, ஆபீசில் எல்லோரும் ஸ்டெல்லன்போஷ் போய்ப் பாருங்கள் என்கிறார்கள், ஆனால் அங்கே ஒயின் தோட்டத்தைத் தவிர என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். நான் இங்கே வந்து பதினேழு வருடம். மதுரையிலிருந்து யார் வந்தாலும் முதலில் கூட்டிப் போவது அந்த ஊருக்குத்தான், கடற்கரையெல்லாம் அப்புறம்தான். எங்கள் வீட்டிலும் யாரும் ஒயின் தொட்டதில்லை. தாராளமாகப் போங்கள்.

சுமார் 50 கிலோமீட்டர்தான், காரில் ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை காலையிலேயே போய்விடுங்கள். ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் ஊரே அடங்கிவிடும். ஜனவரி, பிப்ரவரி வெயிலில் குழந்தைகளை நடக்க வைக்க முடியாது, ஏப்ரல்தான் நல்ல மாதம். நமக்குச் சித்திரை பிறக்கும்போது இங்கே இலை உதிர்கிற காலம், ஓக் மரங்களெல்லாம் மஞ்சளாகிக் கொட்டிக்கொண்டிருக்கும். அதை ஓக் மர ஊர் என்றே சொல்வார்கள். டச்சுக்காரர்களுக்காகக் கேப் பகுதியை நிர்வகித்த சைமன் வான் டெர் ஸ்டெல் 1679இல் தன் பெயரையே வைத்து உண்டாக்கிய ஊர் அது. இந்த நாட்டில் ஐரோப்பியர்கள் அமைத்த ஊர்களில் கேப்டவுனுக்கு அடுத்துப் பழையது.

காரை டோர்ப் தெருப் பக்கம் நிறுத்திவிட்டு நடக்க ஆரம்பியுங்கள். வெள்ளைச் சுவர் வீடுகளும் ஓக் மர வரிசையும் கூடவே வரும், பக்கத்தில் சின்ன வாய்க்கால் ஓடும், உங்கள் பையன் அதில் இலையைப் போட்டுத் துரத்திக்கொண்டே வருவான் பாருங்கள். அணில்களைக் காட்டுங்கள். நம்ம ஊர் அணில் மாதிரி முதுகில் ராமர் போட்ட கோடு இருக்காது, சாம்பல் நிறம், உருவமும் பெரிது. என் மகள் சின்ன வயதில் "இதுக்கு ஏம்மா கோடு போடலை?" என்று அழாத குறையாகக் கேட்டாள். அதே தெருவில் ஒரு பழைய பலசரக்குக் கடை உண்டு, பெயர் ஊம் சாமி சே விங்கெல். ஆஃப்ரிகான்ஸ் மொழியில் ஊம் என்றால் மாமா, விங்கெல் என்றால் கடை, ஆக சாமி மாமா கடை! நாங்கள் போனபோது கண்ணாடி ஜாடிகளில் மிட்டாய், மேலே தொங்குகிற கருவாடு, பழைய தகர டப்பாக்கள் என்று அப்படியே எங்கள் தாத்தா காலத்துச் செட்டியார் கடை மாதிரி இருந்தது.

அடுத்தது ரைனவெல்ட் தெருவில் இருக்கிற கிராம அருங்காட்சியகம், இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். வெவ்வேறு காலத்து நான்கு வீடுகளுக்குள் ஒன்றன்பின் ஒன்றாக நுழைந்து வரலாம். முதல் வீடு 1709இல் கட்டியது, கூரை வேய்ந்தது, 1710இல் ஊரின் பெரும்பகுதியை எரித்த தீயில் தப்பியது. அடுத்த வீடு 1789ஆம் ஆண்டைக் காட்டுகிறது, அங்கே போகும்போதே பணம் சேர்ந்திருப்பது தெரியும். அந்த அடுப்படியில் கொஞ்சம் நில்லுங்கள், தம்பி. அந்த மாதிரி வீடுகளில் சமைத்ததும் தண்ணீர் சுமந்ததும் அடிமைகள். கிழக்கிந்தியத் தீவுகள், மடகாஸ்கர், வங்கம், மலையாளக் கரை என்று பல இடங்களிலிருந்து டச்சுக் கம்பெனி கப்பலில் கொண்டுவந்த ஜனங்கள், அவர்களில் நம் சோழமண்டலக் கரையிலிருந்து வந்தவர்களும் உண்டு. பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் அந்தக் கம்பெனிக்குக் கோட்டை இருந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். பழைய ஆவணங்களில் இவர்களுக்கு ஊர்ப்பெயர்தான் மிச்சம், 'வான் கோரமண்டல்' என்று, அதாவது சோழமண்டலக் கரையிலிருந்து வந்தவர். 1860இல் டர்பனுக்குக் கரும்பு வெட்ட வந்தவர்கள்தான் இந்த நாட்டுக்கு வந்த முதல் தமிழர்கள் என்று நானும் பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன், அதற்கும் முன்னால் பெயரைக்கூட இழந்து வந்தவர்கள் இருந்தார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து அந்த அடுப்பை வெறும் காட்சிப்பொருளாக என்னால் பார்க்க முடியவில்லை. 1838 டிசம்பரில்தான் அவர்களின் வாரிசுகளுக்கு முழு விடுதலை. உங்கள் பெண்ணுக்கு ஒன்பது வயது என்றால் சொல்லலாம், புரியும்.

பல்கலைக்கழகம் ஊருக்குள்ளேயே கலந்து கிடக்கிறது, தனியாகக் கோட்டைச் சுவர் எதுவும் இல்லை. 1866இல் பள்ளியாக ஆரம்பித்து, விக்டோரியா கல்லூரியாகி, 1918இல் பல்கலைக்கழகம் ஆனது. நடுவில் செங்கல் பாவிய பெரிய முற்றம், அதற்கு அடியில் நூலகம், நாம் நடப்பது புத்தகங்களுக்கு மேலே என்று சொன்னால் குழந்தைகள் தரையைத் தட்டிப் பார்ப்பார்கள். ஆனால் இதையும் சொல்ல வேண்டும். நிறவெறி ஆட்சியின் பிரதமர் வெர்வுர்ட் படித்ததும் பேராசிரியராக இருந்ததும் இங்கேதான், அவர் பெயர் பொறித்த பலகையை 2015இல்தான் எடுத்தார்கள். டீ ஃப்லாக்டே என்ற கலப்பினத்தவர் குடியிருப்பு ஊர் நடுவில் இருந்தது, 1964இல் அதை வெள்ளையர் பகுதி என்று அறிவித்துக் குடும்பங்களை வெளியே அனுப்பினார்கள், அந்த நிலத்தில் இன்று பல்கலைக்கழகக் கட்டடங்களும் நிற்கின்றன. பாங்ஹுக் சாலை மசூதி இன்னும் அங்கேயே இருக்கிறது. அழகான ஊர்தான், அந்த அழகுக்கு யார் இடம் விட்டுப் போனார்கள் என்பதையும் பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டும் என்று நான் நினைக்கிறேன்.

சின்னவனுக்குக் கால் வலித்தால் பல்கலைக்கழகத் தாவரவியல் தோட்டம், 1922இல் உண்டாக்கியது. நுழைவுக்கட்டணம் கொஞ்சம்தான். நமீப் பாலைவனத்து வெல்விட்சியாவைத் தேடிப் பிடியுங்கள், ஆயிரம் வருடம் இருந்தாலும் அதற்கு இரண்டே இலைதான்.

சாப்பாட்டுக்குக் கடையை நம்பினால் சீஸ் பீட்சாதான் கிடைக்கும். புளியோதரை கட்டிக்கொண்டு போங்கள், சூப்பர்மார்க்கெட்டில் மாஸ் என்று புளித்த பால் கிடைக்கும், தண்ணீர் விட்டு உப்புப் போட்டால் நம்ம மோர். யான் மரே பூங்காவில் உட்கார்ந்து சாப்பிடலாம். ஒயின் தோட்டத்தையும் ஒன்று பார்க்கலாமே என்று தோன்றினால் போங்கள், பல இடங்களில் பிள்ளைகளுக்குத் திராட்சைச் சாறு கொடுப்பார்கள்.

காருக்குள் எதையும் வைக்காதீர்கள், காலிப் பையைக்கூட. எங்கள் பின்சீட்டில் டயாபர் பை இருந்தது, கண்ணாடியை உடைத்து அதை எடுத்துக்கொண்டு போனார்கள். ரிமோட்டை அமுக்கினால் போதாது, கதவை இழுத்துப் பாருங்கள், சிக்னலைத் தடுத்துவிடுகிறவர்கள் உண்டு. மஞ்சள் சட்டை போட்டு வண்டியைப் பார்த்துக்கொள்கிறவருக்குப் பத்து ராண்ட் கொடுங்கள், நாள் முழுக்க நிற்கிறார் பாவம். சாயங்காலம் ஐந்து மணிக்கே கிளம்பிவிடுங்கள். என்2 சாலையில் விமான நிலையத்தை ஒட்டிய பகுதியை இருட்டுவதற்கு முன் தாண்டிவிடுவது நல்லது, தாமதமாகிவிட்டால் சுற்றானாலும் என்1 வழியாகத் திரும்புங்கள்.