சத்துவாச்சாரியில் ஒரு காபிக்கடை

ஐயா, வணக்கம்.

நான் வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கிறேன். இராணிப்பேட்டைப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் காஸ்டிங் (அடக்கவிலைக் கணக்கு) பிரிவில் 11 வருடம் வேலை பார்த்தேன். போன வருடம் ஆட்குறைப்பில் வெளியே வந்துவிட்டேன். பி.எஃப்., செட்டில்மென்ட் எல்லாம் சேர்த்துக் கையில் 9 லட்சம் இருக்கிறது. காபிக்கடை வைக்க வேண்டும் என்பது ரொம்ப நாள் ஆசை. பெங்களூரில் தங்கை வீட்டுக்குப் போகும்போதெல்லாம், இப்படி ஒரு கடை நம் ஊரில் இல்லையே என்று தோன்றும். காட்பாடியில் வி.ஐ.டி. பல்கலைக்கழகம் பக்கம் ஓர் இடம் பார்த்திருக்கிறேன். வாடகை 40 ஆயிரம், அட்வான்ஸ் 4 லட்சம். எஸ்பிரெஸோ மெஷின், ஏ.சி., இளைஞர்கள் உட்கார்ந்து பேச வசதி என்று மனதில் ஒரு படம் இருக்கிறது. ஒரு ஃபிராஞ்சைஸ் கம்பெனியும் பேசிக்கொண்டிருக்கிறது. சி.எம்.சி. மருத்துவமனை பக்கம் வைத்தால் கூட்டத்துக்குக் குறைவே இருக்காது என்று சிலர் சொல்கிறார்கள். கணவர் சரி என்கிறார். அப்பாதான் "டீக்கடை வைக்கவா உன்னை பி.காம். படிக்க வைத்தேன்" என்று பேசாமல் இருக்கிறார். காபியைப் பற்றி நீங்கள் அடிக்கடி எழுதுவதால் கேட்கிறேன். என்ன செய்யலாம்? பெயர் வெளியிட வேண்டாம்.

அன்புள்ள தங்கைக்கு,

காட்பாடி இடத்துக்கு இன்னும் அட்வான்ஸ் கொடுக்கவில்லை என்றால், கொடுக்காதீர்கள். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். 9 லட்சத்தில் 4 லட்சம் அட்வான்ஸாக உட்கார்ந்துவிடும். மெஷின், ஏ.சி., மேஜை நாற்காலி, போர்டு எல்லாம் மீதியைத் தின்றுவிடும். திறப்புவிழா நன்றாக நடக்கும். மூன்றாம் மாதம் பால்காரருக்குக் கொடுக்கப் பணம் இருக்காது. புதிதாகக் கடை போடுகிறவர்கள் காபி மோசமாக இருந்து மூடுவதைவிட, கையில் ஓட்டத்துக்குக் காசு இல்லாமல் மூடுவதுதான் அதிகம்.

உங்கள் கடிதத்தில் மூன்று இடங்களின் பெயர் வருகிறது. நான் உங்களை வேறு ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வேன், நேரத்தை. எந்த மணிக்கு, யார், எதற்காக உங்கள் கடை முன்னால் வந்து நிற்கப்போகிறார்கள் என்று தெரிந்துவிட்டால் இடம், மெஷின், விலை எல்லாம் தானாக முடிவாகும். ஒரே ஊர்தான், ஆனால் இந்த மூன்று இடத்துக்கும் கடிகாரம் வேறு.

சி.எம்.சி. பக்கம் பொழுது விடிவதற்கு முன்பே விழித்துவிடுகிறது. 1900-ல் மருத்துவர் ஐடா ஸ்கடர் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கிய இடம் அது. இன்று மேற்கு வங்கத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் மக்கள் வருகிறார்கள். காட்பாடியில் ரயில் இறங்கி, காந்தி ரோட்டிலும் பாபு ராவ் தெருவிலும் லாட்ஜ் எடுத்து, வாரக்கணக்கில் தங்குகிறார்கள். அந்தத் தெருக்களில் வங்காள எழுத்தில் போர்டு பார்த்திருப்பீர்கள். கூட்டம் உண்டு என்பது உண்மைதான். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் டீ குடிப்பவர்கள். சின்னக் கப்பில், ஒரு நாளைக்குப் பல தடவை குடிப்பார்கள். அங்கே நீங்கள் நல்ல டீக்கடை நடத்தலாம், காபி அதில் ஓரமாக இருக்கும். இன்னொரு விஷயம், சில துறைகள் இராணிப்பேட்டை வளாகத்துக்குப் போய்விட்டன. ஒரு வாசலை நம்பி பெரிய வாடகைக்குக் கடை எடுக்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். அப்படியும் அங்கே கடை போடுவதாக இருந்தால், ஒரு நீள பெஞ்சும் குடிக்க நல்ல தண்ணீரும் வையுங்கள். ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே இரவெல்லாம் நின்றுவிட்டு வருகிறவருக்கு உட்கார இடம் கொடுக்காமல் டம்ளரை மட்டும் நீட்டுவது எனக்குச் சரியாகப்படவில்லை.

வி.ஐ.டி. பக்கத்தின் கடிகாரம் மாலையில்தான் தொடங்குகிறது. பிள்ளைகள் கூட்டமாக வருவார்கள், ஒரு கோல்ட் காபி வாங்கிக்கொண்டு இரண்டு மணி நேரம் இருப்பார்கள். அது தப்பு இல்லை, அந்த வயதில் அப்படித்தான் உட்காரத் தோன்றும். ஆனால் அந்த இரண்டு மணி நேரத்துக்கும் வாடகையும் ஏ.சி. கரண்டும் உங்கள் கணக்கில் ஓடும். செமஸ்டர் லீவு விட்டால் தெருவே காலியாகிவிடும். வருடத்தில் எத்தனை மாதம் வியாபாரம், எத்தனை மாதம் வாடகை மட்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

உங்கள் சத்துவாச்சாரியை நீங்கள் பட்டியலிலேயே சேர்க்கவில்லை. வீட்டுப் பக்கத்தில் இருப்பது கண்ணில் படாது. கலெக்டர் ஆபீஸ் அங்கே, கோர்ட் அங்கே. திங்கட்கிழமை குறைதீர் நாளுக்கு அணைக்கட்டிலிருந்தும் குடியாத்தத்திலிருந்தும் பேரணாம்பட்டிலிருந்தும் மனுவைக் கையில் பிடித்துக்கொண்டு முதல் பஸ்ஸிலேயே வந்து இறங்குகிறார்கள். பத்தரை மணிக்கும் நாலு மணிக்கும் எல்லா ஆபீஸிலும் காபி நேரம். வக்கீல்களின் அறைக்குக் கட்சிக்காரர் வந்தால் காபி சொல்லாமல் இருக்க மாட்டார்கள். காலை ஐந்தரைக்கு நடைப்பயிற்சி முடித்து வரும் ரிட்டயர்டு ஆட்கள் இருக்கிறார்கள், அவர்கள் ஃபில்டர் காபியின் ருசி தெரிந்தவர்கள், நன்றாக இருந்தால் தினம் வருவார்கள். ஆபீஸ் மூடியிருக்கும் சனி, ஞாயிறுக்கு இவர்கள் கைகொடுப்பார்கள். என் மனம் இங்கேதான் போகிறது.

காஸ்டிங் பிரிவில் இருந்தவர் நீங்கள். ஒரு ஜோடி ஷூவுக்குத் தோல் எவ்வளவு, நூல் எவ்வளவு, வேஸ்ட் எவ்வளவு என்று போட்டவருக்கு ஒரு டம்ளர் காபி கஷ்டமே இல்லை. உதாரணத்துக்கு நான் ஒன்று போடுகிறேன், விலையை நீங்கள் விசாரித்து மாற்றிக்கொள்ளுங்கள். பால் 90 மில்லி, 6 ரூபாய். தூள் 10 கிராம், கிலோ 700 என்று வைத்தால் 7 ரூபாய். சர்க்கரை, கேஸ், கழுவும் செலவு, சிந்தியது, திரிந்தது எல்லாம் 2 ரூபாய். ஆக 15. விற்கும் விலை 25 என்றால் டம்ளருக்கு 10 ரூபாய் நிற்கும். வாடகை 18 ஆயிரம், ஒரு மாஸ்டருக்கும் ஓர் உதவியாளுக்கும் 32 ஆயிரம், கரண்டும் தண்ணீரும் 6 ஆயிரம், இதர செலவு 4 ஆயிரம் என்றால் மாதம் 60 ஆயிரம். அதாவது 6,000 டம்ளர், ஒரு நாளைக்கு 200. இது நஷ்டம் இல்லாமல் நிற்க மட்டும். உங்களுக்கு 24 ஆயிரம் சம்பளம் வேண்டும் என்றால் நாளைக்கு 280. சம்பளத்தைக் கணக்கில் எழுதாமல் விடாதீர்கள். காட்பாடி வாடகையை இதே கணக்கில் போட்டால், கூடுதலாக இருக்கும் 22 ஆயிரத்துக்காக மட்டும் தினம் 73 டம்ளர் அதிகம் விற்றாக வேண்டும்.

தூள் விலை கிலோவுக்கு 100 ரூபாய் ஏறினால் டம்ளருக்கு 1 ரூபாய் போகும். 200 டம்ளருக்கு மாதம் 6 ஆயிரம். பிரேசிலிலும் வியட்நாமிலும் வறட்சி வந்து 2024-லும் 2025-ன் தொடக்கத்திலும் விலை எப்படி ஏறியது என்று காபி வாங்கும் எல்லா வீட்டுக்கும் தெரியும். அது வேலூரில் உங்கள் கல்லாவில் வந்து நிற்கும். அதனால்தான் ஆறு மாத வாடகையும் சம்பளமும் பேங்கில் தொடாமல் இருக்க வேண்டும் என்கிறேன்.

இப்போது தண்ணீர். இதைப் பற்றி நீங்கள் ஒரு வரியும் எழுதவில்லை, கடை வைக்கிற யாருமே கேட்பதில்லை. டம்ளரில் பால் போக மற்றதெல்லாம் பெரும்பாலும் தண்ணீர்தான். நம் பக்கத்துப் போர் தண்ணீர் எப்படி என்று பாத்திரத்தில் படியும் வெள்ளையே சொல்லும். அந்தத் தண்ணீரில் எவ்வளவு நல்ல தூளைப் போட்டாலும் மணம் எழும்பாது, பாய்லரிலும் சுண்ணாம்பு ஏறும். குடிப்பதற்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை கரைந்த உப்பு இருக்கலாம் என்கிறது இந்தியத் தர அளவு. காபிக்கு உலக அளவில் சொல்லும் இலக்கு 150-ஐ ஒட்டி, போனால் 250. சரி, ஆர்.ஓ. போட்டுவிடலாம் என்றால் அது எல்லாவற்றையும் உறிஞ்சிவிடும், டிகாஷன் சப்பென்று இறங்கும். ஆர்.ஓ. தண்ணீரில் கொஞ்சம் குழாய்த் தண்ணீர் கலந்து, கரைந்த உப்பை அளக்கும் சின்ன டி.டி.எஸ். மீட்டரில் பார்த்து, உங்களுக்குப் பிடித்த அளவை ஒரு முறை கண்டுபிடியுங்கள். சில நூறு ரூபாய் மீட்டர் அது. கடைக்கு நீங்கள் வாங்கும் முதல் சாமானாக அது இருக்கட்டும்.

பால், நல்ல கொழுப்புள்ளதாக வாங்குங்கள். ஃபுல் க்ரீம் என்றால் 6 சதவீதக் கொழுப்பு. அதில் தண்ணீர் ஊற்றி இழுக்கும் வேலையே வேண்டாம். சிக்கரி கலந்த தூளில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது சட்டம், எவ்வளவு என்று பாக்கெட்டில் இருக்க வேண்டும். அந்தக் கீழ்வரம்பில் நிற்கும் தூள் மலிவாகக் கிடைக்கும், கறுப்பாகவும் இறங்கும், நாக்கில் ஒன்றும் நிற்காது. காபி 80, சிக்கரி 20 என்று தொடங்குங்கள். அரைத்த தூளை ஒரு வாரத்துக்கு மேல் வைக்காதீர்கள். டிகாஷனை அடுப்பில் வைத்துச் சூடாக்க யாரையும் விடாதீர்கள். காலையில் இறக்கியதை மாலையில் கொடுக்கவும் கூடாது. சின்னச் சின்னதாக நாளில் நாலைந்து தடவை இறக்கினால் வேலை அதிகம், ஆனால் பதினொரு மணிக்கு வரும் வக்கீலும் ஐந்தரைக்கு வந்த பெரியவரும் ஒரே காபியைக் குடிப்பார்கள்.

இந்த வேலையை நீங்களே கற்றுக்கொள்ளுங்கள். மாஸ்டரை நம்பி மட்டும் கடை போட்டால், அவர் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போன அன்றைக்கு கடையின் ருசியும் கூடவே போய்விடும். பெங்களூரில் காபி போர்டு 'காப்பி சாஸ்திரா' என்று பயிற்சி நடத்துகிறது, தங்கை வீட்டில் தங்கியே போய் வரலாம். எஸ்பிரெஸோ மெஷின் இப்போது வேண்டாம். விலை ஒரு பக்கம், ரிப்பேர் என்றால் சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ ஆள் வரும்வரை கடை சும்மா இருக்கும்.

ஃபிராஞ்சைஸ் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். அவர்கள் பெயருக்குக் கட்டணம், விற்பனையில் பங்கு, அவர்கள் சொல்லும் விலைக்குத் தூள். இத்தனை வருடம் கணக்குப் பார்த்த உங்களுக்கு அந்த ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களைப் படித்தாலே போதும்.

காகித வேலைகள்: உணவுப் பாதுகாப்புத் துறையில் விற்பனை அளவைப் பொறுத்துப் பதிவோ உரிமமோ, மாநகராட்சியில் தொழில் உரிமம், வணிக சிலிண்டர், கடைக்கான மின் இணைப்பு. வருட விற்பனை 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு. தினம் 280 டம்ளர் விற்றாலே தாண்டிவிடும், அதனால் முதலிலேயே ஆடிட்டரைப் பாருங்கள். வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டுப் பதிவு செய்யுங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம். பணம் போதவில்லை என்றால் முத்ரா கடனில் 'கிஷோர்' என்ற பிரிவு 50 ஆயிரத்திலிருந்து 5 லட்சம் வரை. தினவட்டிக்காரரிடம் மட்டும் போகாதீர்கள்.

திறப்பதை ஐப்பசி வாக்கில் வையுங்கள். நம் ஊர் மார்கழிக் குளிர் காபிக்காரர்களுக்கு நல்ல காலம். சித்திரையில் தொடங்கினால் 40 டிகிரி வெயிலில் பாலும் திரியும், காபி கேட்கவும் ஆள் இருக்காது. அந்த மாதங்களுக்கு நன்னாரி சர்பத்தும் மோரும் இப்போதே கணக்கில் இருக்கட்டும்.

அப்பாவைப் பற்றி. அவர் பயப்படுவது கௌரவத்துக்காக மட்டும் இருக்காது. மகள் 11 வருடம் சேர்த்த பணம் அது. அவரிடம் ஆசையைச் சொல்லி வாதாடாமல், டம்ளர் கணக்கை எழுதிய நோட்டை எடுத்துப்போய், இதில் எங்கே ஓட்டை என்று பார்த்துச் சொல்லுங்கள் அப்பா என்று கேளுங்கள். உண்மையிலேயே அவர் கண்டுபிடிப்பார்.

கடை எடுப்பதற்கு முன் ஒரு வேலை. உணவுப் பதிவை வீட்டு முகவரியில் வாங்கிக்கொண்டு, ஒரு மாதம் ஃபிளாஸ்கில் காபி கொடுத்துப் பாருங்கள். தெரிந்த இரண்டு ஆபீஸ், ஒரு வக்கீல் அறை போதும். பத்தரைக்கு ஒன்று, நாலு மணிக்கு ஒன்று. தினம் காசு வாங்குங்கள், மாதக் கணக்கு என்று யாராவது சொன்னால் பதினைந்து நாளுக்கு மேல் போக விடாதீர்கள். ஃபிளாஸ்க் திரும்பி வரும்போது மீதி எவ்வளவு இருக்கிறது என்று அளந்து எழுதுங்கள். மீதி இருந்தால் ஏன் என்று அவர்களிடமே கேளுங்கள். அந்த நோட்டோடு மறுபடி எனக்கு எழுதுங்கள், சத்துவாச்சாரியில் எந்தத் தெரு என்று அப்போது பேசலாம்.

அன்புடன்.