சபைக்கு வெளியே ஊழியம்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

நகரத்துச் சபைகள் சுற்றுப்புற மக்களுக்கு எப்படி உதவலாம் என்று வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். பல வருடமாக இந்தப் பொறுப்பில் இருப்பதால், பார்த்துத் தெரிந்துகொண்டதையும் படித்ததையும் சேர்த்தே சொல்கிறேன்.

கேள்வி: ஐயா, எங்கள் வாலிபர் ஐக்கியத்தில் ஆர்வத்துக்குக் குறைவில்லை. எதைத் தொடங்குவது என்பதில்தான் ஓயாத வாக்குவாதம்.

பேச்சை நிறுத்திவிட்டு வெளியே நடந்து பாருங்கள், தம்பி. ஆலயத்திலிருந்து கால் மணி நேரத்தில் நடந்து போகக்கூடிய தெருக்கள் போதும். பள்ளித் தலைமையாசிரியர், மருந்துக்கடைக்காரர், துப்புரவுப் பணியாளர், தனியாக வசிக்கும் முதியவர்கள் என எல்லோரிடமும், இங்கே எது கஷ்டம், யார் ஏற்கெனவே உதவுகிறார்கள் என்று கேளுங்கள். இரண்டாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். வேறொருவர் நன்றாகச் செய்துவரும் வேலையை நாமும் தொடங்குவதைவிட, அவர் எந்த மதத்தவராக இருந்தாலும் அங்கே போய்க் கைகொடுப்பது மேல்.

1819இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்துச் செயின்ட் ஜான் திருச்சபைக்குப் போதகராக வந்த தாமஸ் சால்மர்ஸ், சுமார் 10,000 பேர் வாழ்ந்த அந்தப் பகுதியை 25 வட்டங்களாகப் பிரித்து, வட்டத்துக்கு ஒரு உதவிக்காரரை நியமித்தார். வரிப்பணத்தில் ஏழைகளுக்கு உதவுவதை அவர் எதிர்த்ததில் எனக்குச் சம்மதமில்லை. ஆனால் ஒருவருக்குச் சில தெருக்கள், அங்கே இருக்கும் வீடுகள் எல்லாம் அவருக்குப் பழக்கம் என்ற ஏற்பாடு இன்றைக்கும் பலன் தரும்.

கேள்வி: உதவி வாங்க வருகிறவர்களை முதலில் ஆராதனையில் உட்காரச் சொல்கிறோம். அதில் தவறு உண்டா?

உண்டு. பசியோடு வந்தவரால் 'மாட்டேன்' என்று சொல்ல முடியாது. அந்த நிலையில் அவர் காட்டும் பக்தியை நாமும் நம்ப முடியாது. இயேசு சொன்ன கதையில் வரும் நல்ல சமாரியன், அடிபட்டுக் கிடந்தவனிடம் எந்த விசுவாச அறிக்கையும் கேட்கவில்லை. காயம் கட்டினான், சத்திரத்தில் சேர்த்தான், செலவையும் ஏற்றுக்கொண்டான்.

நான்காம் நூற்றாண்டில் ரோமப் பேரரசன் ஜூலியன் கிறிஸ்தவத்தை எதிர்த்தவன். அவனே தன் மதக் குரு ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், கிறிஸ்தவர்கள் தங்கள் ஏழைகளோடு நம் ஏழைகளையும் தாங்குகிறார்களே என்று ஆதங்கப்பட்டிருக்கிறான். எதிர்த்தவன் வாயிலிருந்து வந்த சாட்சி என்பதால் அதை நான் பெரிதாக மதிக்கிறேன். 1994இல் செஞ்சிலுவை இயக்கமும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து வகுத்த பேரிடர் உதவி நெறிகளும், மதக் கருத்தைப் பரப்ப உதவியைப் பயன்படுத்தக் கூடாது என்கின்றன.

'ஏன் இதையெல்லாம் செய்கிறீர்கள்' என்று ஒருவர் தானாகக் கேட்டால், இயேசுவைப் பற்றித் தயங்காமல் சொல்லுங்கள். கேட்காதவருக்கும் அதே பொட்டலம், அதே மரியாதை.

கேள்வி: நாங்கள் மிகச் சிறிய சபை. காணிக்கை மின்கட்டணத்துக்கே சரியாகிவிடுகிறது.

ஹால் இருக்கிறதே! வாரத்தில் ஐந்து நாள் பூட்டித்தானே கிடக்கிறது? குடிப்பழக்கத்திலிருந்து மீள விரும்புகிறவர்கள் கூடிப் பேசும், 1935இல் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் குழுக்கள் உலகெங்கும் ஆலய அறைகளில் கூடுகின்றன. அந்தக் கூட்டங்களைச் சபை நடத்துவதில்லை, இடம் தருகிறது, அவ்வளவுதான்.

காது கொடுத்துக் கேட்பதற்கும் பணம் வேண்டாம். 1953இல் லண்டன் செயின்ட் ஸ்டீபன் வால்புரூக் ஆலயத்தின் குருவான சாட் வாரா, தற்கொலை எண்ணத்தில் தவிப்பவர்கள் கூப்பிட ஒரு தொலைபேசி எண்ணை அறிவித்தார். அவரைப் பார்க்கக் காத்திருந்தவர்களில் பலர், துணைக்கு உட்கார்ந்திருந்த சாதாரணத் தொண்டர்களிடம் பேசியே ஆறுதல் அடைந்ததை அவர் கவனித்தார். அந்தப் பணியை அவர்களிடமே ஒப்படைத்தார். சமாரிட்டன்ஸ் அமைப்பு அப்படி வளர்ந்ததுதான். ஆனால் பயிற்சி இல்லாமல் யாரையும் இந்த வேலையில் உட்காரவைக்காதீர்கள்.

கேள்வி: கொடுத்துக்கொண்டே இருந்தால், கேட்டுக்கொண்டே இருக்கமாட்டார்களா?

வேலை போன மாதத்தில் மளிகை கொடுப்பது அவசியம். ஒரு வருடம் கழித்தும் அதே குடும்பம் அதே வரிசையில் நின்றால், உட்கார்ந்து பேச வேண்டும். கடனா, நோயா, ஆவணச் சிக்கலா? மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1746இல் லண்டனில் வட்டியில்லாக் கடன் நிதி தொடங்கினார். முதலில் 20 ஷில்லிங் (ஒரு பவுண்டு) வரை, மூன்று மாதத்தில் திருப்ப வேண்டும். பின்னாளில் அந்த வரம்பை உயர்த்தினார்கள். அந்த நிதியில் 5 பவுண்டு கடன் வாங்கிய ஜேம்ஸ் லாக்கிங்டன் என்ற செருப்புத் தொழிலாளி, லண்டனின் பெரிய புத்தக வியாபாரியானார்.

கேள்வி: கொடுக்கும்போது படம் எடுத்துப் போடலாமா?

வேண்டாம். வாங்குகிறவர் முகம் தெரியவே கூடாது.

கேள்வி: கமிட்டியில் யார் இருக்க வேண்டும்?

உதவி பெறுகிறவர்களில் சிலராவது இருக்க வேண்டும். ஆதிக் கிறிஸ்தவர்களின் எருசலேம் சபையில், கிரேக்க மொழி பேசிய விதவைகளுக்கு அன்றாடப் பங்கு சரியாகக் கிடைக்கவில்லை என்று முறுமுறுப்பு எழுந்தது. பைபிளில் அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்தில் அதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஏழு பேருக்கும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன தரப்பிடமே பொறுப்பைக் கொடுத்திருக்கிறார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

கேள்வி: பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு தொடங்கப் போகிறோம். கவனிக்க வேண்டியது என்ன, அண்ணா?

பாடத்துக்கு முன்னால் பாதுகாப்பைப் பாருங்கள், தங்கச்சி. எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு தனியறையில் இருக்கக் கூடாது; எப்போதும் இரண்டு பெரியவர்கள் வேண்டும். கற்றுக்கொடுக்க வருகிறவர்களின் பின்னணியை விசாரியுங்கள். போதகரும் அவர் குடும்பமும் இதற்கு விலக்கு அல்ல. புகார் சொல்ல வேண்டிய ஆள் யார் என்பது பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும். அப்புறம், புகார் என்று ஒன்று வந்துவிட்டால் சபைக்குள் பேசி முடிக்கப் பார்க்காதீர்கள். அன்றைக்கே காவல்துறையிடமோ குழந்தைகள் பாதுகாப்பு அதிகாரியிடமோ போய்விடுங்கள்.