கேரல் பவனியில் சிரித்தது தேவபயம் இல்லாமையா?

சகோதரி, கிறிஸ்துமஸுக்கு வீடு வீடாகப் பாடிச் செல்லும் கேரல் பவனியில் தோழிகளோடு சிரித்துப் பாடியதற்கு "தேவபயம் இல்லை" என்று சபை மூப்பர் கண்டித்தார், அன்றிலிருந்து ஆலயத்தில் பாடவே தயங்குகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைப் பக்கம் வளர்ந்தவன் என்பதால் அந்தக் கண்டிப்பின் தொனி எனக்கும் தெரியும்.

வேதாகமத்தில் நெகேமியா 8-ஆம் அதிகாரத்தை ஒருமுறை நிதானமாக வாசியுங்கள். மோசேயின் நியாயப்பிரமாணம் வாசிக்கப்படுவதைக் கேட்டு ஜனங்கள் அழுகிறார்கள். நெகேமியாவும் எஸ்றாவும் லேவியரும் அவர்களிடம், அழவேண்டாம், கொழுமையானதைச் சாப்பிட்டு மதுரமானதைக் குடியுங்கள், ஒன்றுமில்லாதவர்களுக்கும் பங்கு அனுப்புங்கள் என்று சொல்கிறார்கள். கர்த்தருக்குள் மகிழ்வதே உங்கள் பெலன் என்ற வார்த்தை அங்கேதான் வருகிறது. அது பரிசுத்த நாள் என்பதாலேயே மகிழச் சொன்னார்கள்! சங்கீதம் 2:11-லும் பயமும் களிகூருதலும் ஒரே வசனத்தில் இருக்கின்றன.

என் பாட்டி ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும்போது கீர்த்தனை பாடிக்கொண்டே மரத்துக்கு மரம் நடப்பார். சபையார் சேர்ந்து சாப்பிடும் அசனத்தில் அவர் சிரிப்புச் சத்தம்தான் பெரிதாகக் கேட்கும். ஆனால் அப்பமும் ரசமும் பெறும் இராப்போஜனத்துக்கு முந்தின நாள் வீட்டில் பேச்சே குறைந்துவிடும். யாரிடமாவது மனத்தாங்கல் இருந்தால் அன்றே போய்ப் பேசிவிட்டு வருவார். பயபக்தி என்று நான் கண்டது அதைத்தான்.

சரி, ஒன்றை மட்டும் யோசித்துப் பாருங்கள். யாராவது ஜெபித்துக்கொண்டிருந்தபோது சிரித்தீர்களா? அப்படியென்றால் மூப்பரிடம் மன்னிப்புக் கேளுங்கள், அதில் கூச்சம் வேண்டாம். இல்லையென்றால் இந்தக் குற்ற உணர்வைச் சுமக்காதீர்கள். ஞாயிறு பத்து நிமிடம் முன்னதாகப் போய் அமைதியாக முழங்காலில் நில்லுங்கள், அப்புறம் முதல் பாட்டை வாய்விட்டுப் பாடுங்கள்.