மையச் சேவையகத்தில் இயங்கும் 200 மெய்நிகர் டெஸ்க்டாப்களுக்குச் சேமிப்பகத்தின் கொள்ளளவை மட்டும் கணக்கிட்டால் போதுமா?

போதாது; நொடிக்கு எத்தனை வாசிப்பு, எழுத்துச் செயல்களை அது தாங்கும் என்பதையே முதலில் பார்க்க வேண்டும். ஒரு டெஸ்க்டாப்புக்கு நொடிக்கு 10 செயல்கள் என்றும், வழக்கமான வேலைநேரத்தில் எழுதுவதே மிகுதி என்பதால் அவற்றில் 80 விழுக்காடு எழுத்து என்றும் கொண்டால், மொத்தம் 2000 செயல்களில் 1600 எழுத்தாகவும் 400 வாசிப்பாகவும் அமையும். பல வட்டுகளை ஒன்றாக இணைக்கும் முறைகளுள் ஒன்றான ரெய்டு 5 அமைப்பில், பழைய தரவையும் பாரிட்டியையும் (ஒரு வட்டு பழுதானால் தரவை மீட்க உதவும் தகவல்) படித்துவிட்டு இரண்டையும் புதிதாக எழுத வேண்டியிருப்பதால், ஒவ்வொரு சிறு எழுத்தும் வட்டுகளில் நான்கு செயல்களாகப் பெருகி, மொத்தத்தை 6800 ஆக்கிவிடும். ஒவ்வொரு எழுத்தையும் இரு வட்டுகளில் பதியும் ரெய்டு 10 அமைப்பில் அது 3600 மட்டுமே. காலையில் அனைவரும் ஒன்றாக இயக்கும்போது எழும் வாசிப்பு நெருக்கடி வேறு வகை. எல்லா டெஸ்க்டாப்களுக்கும் பொதுவான மூலப் படிமத்தை (இயங்குதளத்தின் மூல நகல்) நினைவகக் கேஷில், அதாவது விரைவாகப் படிக்கும் தற்காலிக இடத்தில், வைத்தால் அது பெரிதும் தணியும். மேலே கொண்ட 10 வெறும் அனுமானம் என்பதால், இப்போதுள்ள கணினிகளில் வட்டுச் செயல்களை அளக்கும் விண்டோஸ் பெர்ஃபார்மன்ஸ் மானிட்டரைச் சில நாட்கள் ஓடவிட்டு, சராசரியை அன்றி உச்ச அளவைக் கணக்கில் எடுங்கள்.